லயனும் அடுப்பும்: ஊவாத் தோட்டங்களில் வீட்டு விதிகளும் எரிபொருளும்

மனிதன் வாழும் வீட்டின் அளவையும் அமைப்பையும் சட்டம் வரையறுக்கும்போது, அவ்வீட்டினுள் எரியும் நெருப்பின் அளவையும் அது அறிந்தோ அறியாமலோ வரையறுத்து விடுகின்றது. சுவர் எப்பொருளால் ஆனது, கூரை எத்தகையது, சாளரம் எத்திசையை நோக்கியது, அடுப்புக்கு எங்கே இடம் விடப்பட்டது என்னும் வினாக்களுக்கான விடைகளே ஒரு குடும்பம் நாள்தோறும் எவ்வளவு விறகை, எண்ணெயை, மின்சாரத்தைச் செலவிடும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் மேலைநாடுகள் இவ்வுண்மையைச் சட்ட வடிவிலேயே ஏற்றுக்கொண்டன. 1978இல் கலிபோர்னிய மாநிலம் வீடுகளின் சக்திப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் கட்டட விதிகளை நடைமுறைக்குக் கொணர்ந்தது.

அவ்விதிகளால் விளைந்த பயன் யாது என்பது இன்றும் தீராத விவாதமாகும். புளோரிடாவின் கேன்ஸ்வில் நகரில் 2002இல் விதிகள் இறுக்கப்பட்டதன் பின் எழுந்த வீடுகளை ஆராய்ந்த ஜேக்கப்சன், கொட்சன் ஆகியோர், மின்சாரத்தில் நூற்றுக்கு 4 வீதமும் எரிவாயுவில் 6 வீதமும் குறைந்தன என 2013இல் எழுதினர். கலிபோர்னிய வீடுகளை ஆராய்ந்த லெவின்சன், விதிகளுக்கு முன் எழுந்த வீடுகளைவிடப் பின் எழுந்த வீடுகள் குறைந்த மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன என்பதற்குச் சான்றில்லை என 2016இல் எழுதினார். வீட்டின் வயது, குடியிருப்போரின் வருமானம், குடும்பத்தின் பருமன், தட்பவெப்பம் ஆகியன ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதனால் விதியின் பயனை மட்டும் பிரித்தெடுத்தல் எளிதன்று. விதியின் வெற்றியை அதன் வாசகத்தில் மட்டும் தேடாது, அது யாருடைய வீட்டைப் பற்றியது, யாருடைய செலவைக் குறைப்பது என்னும் கேள்விகளிலும் தேடுதல் வேண்டும் என்பதே இவ்விவாதத்தினின்று நாம் பெறத்தக்க பாடமாகும்.

இப்பாடத்தை மனத்திற்கொண்டு ஊவா மாகாணத்துத் தோட்டங்களை நோக்குவோமாயின், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு நம்முன் விரிகின்றது. அங்கே வீட்டுக்கு விதிகள் இருந்தன. அடுப்புக்கு விதி இருந்ததில்லை. இவ்விரண்டுக்குமிடையே இருந்த இடைவெளி தோட்டத்துப் பெண்களின் உழைப்பையும் உடல்நலத்தையும் எவ்வாறு பாதித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லயனின் தோற்றம்

1886இல் மத்திய மாகாணத்தினின்று பிரிக்கப்பட்டு, பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா தனி மாகாணமாயிற்று. அதற்கு முன்னரே கோப்பிப் பயிர் அங்கு காலூன்றியிருந்தது. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் அறுவடைக்கு வந்து, அது முடிந்ததும் தமிழகத்துக்குத் திரும்பினர். ஆகவே அவர்களது உறைவிடமும் பருவகாலக் குடிசையாகவே அமைந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கைகளை வேண்டுவது. நிலையான தொழிலாளர் தேவைப்பட்டபோது நிலையான லயன்களும் தேவைப்பட்டன. தோமஸ் லிப்டன் 1890இல் ஊவாவில் தோட்டங்களை வாங்கியதும், இருப்புப்பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்ததும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. நெளிதகரம் மலையேறி வருவதற்கு இருப்புப்பாதை வழி செய்தது.

லயன் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொகுதி. தோட்டத்து வழக்கில் ஒவ்வோர் அறையும் ‘காம்பரா’ எனப்படும். அதன் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுங்கிய ‘இஸ்தோப்பு’. ஒற்றை லயன்களோடு, இரு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டிநிற்கும் இரட்டை லயன்களும் கட்டப்பட்டன. இரட்டை லயனின் காம்பராவுக்கு மூன்று பக்கமும் அயலவரின் சுவர்; காற்று வருவதும் புகை போவதும் ஒரே முகப்பினால்தான். சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நோயும் அந்த 120 சதுர அடிக்குள்ளேயே நிகழ்ந்தன.

இங்கு ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் பொருத்தமாகும். இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலும் முதுகொட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவை நோயின் விளைநிலங்கள் எனக் கண்டு, தொழிலாளருக்கென அத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டுதலை 1909ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகரத் திட்டமிடற் சட்டத்தினால் பிரித்தானியப் பாராளுமன்றம் தடைசெய்தது. இலண்டனில் பதிவுபெற்ற கம்பனிகள் பலவற்றின் ஊவாத் தோட்டங்களிலோ முதுகொட்டிய லயன்கள் அதன் பின்னரும் பல தலைமுறைகளுக்குக் குடியிருப்பாக நீடித்தன.

சுகாதாரத்தின் கண்கொண்டு நோக்கிய சட்டம்

இலங்கைத் தோட்டங்களின் குடியிருப்பைத் தொட்ட முதன்மையான சட்டங்கள் வீடமைப்புச் சட்டங்களாக அமையவில்லை. மருத்துவச் சட்டங்களாகவே அமைந்தன. 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், அதே ஆண்டின் 10ஆம் இலக்க நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கன. லயன்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் தக்க சுகாதார நிலையில் வைத்திருத்தல் தோட்டத்துரையின் கடமை என முன்னைய சட்டம் விதித்தது. நோயாளரைக் கவனித்தல், பிள்ளை பெற்ற தாய்க்கு உணவும் உறைவிடமும் அளித்தல் முதலியனவும் அவர்மேல் சுமத்தப்பட்டன.

இச்சட்டங்களின் நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் வரலாற்று நேர்மை ஆகாது. கொள்ளை நோய்களும் கொக்கிப்புழு நோயும் தொழிலாளரை வாட்டிய காலத்தில், லயன்களை ஓர் அரசாங்க அதிகாரி பார்வையிடலாம் என்னும் நிலையே பெரியதொரு மாற்றந்தான். ஆயினும் சட்டத்தின் நோக்கு யாது என்பதை நாம் உணர்தல் வேண்டும். தொழிலாளியின் உடல் தோட்டத்தின் உற்பத்திக் கருவி. அக்கருவி பழுதுறாமற் காப்பது துரையின் பொறுப்பு. கழிவுநீர், மலகூடம், குடிநீர், நெரிசல் ஆகியன நோயைப் பரப்புவன. ஆதலின் அவை பரிசோதகரின் கண்ணுக்குத் தென்பட்டன. அடுப்புப் புகையோ தொற்றுநோயைப் பரப்புவதில்லை. மெல்ல மெல்ல நெஞ்சைக் கெடுக்கும் அது, அக்காலத்துச் சுகாதாரத்தின் கணக்கேட்டில் இடம்பெறவில்லை.

அடுப்பின் பல பணிகள்

ஊவாவின் தட்பவெப்பம் ஒரே சீரானதன்று. பதுளை நகர் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்க, பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே உள்ளன. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஒக்டோபர் முதல் சனவரி வரை மலைகளை நனைக்கின்றது. யூலை முதல் செப்தெம்பர் வரை வரண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலையின் தனி மணம் அக்காற்றினால் விளைவதே. கொழுந்துக்கு மணந்தரும் அக்காற்றுத்தான் நெளிதகரக் கூரையின் இடுக்குகள்வழி காம்பராவினுள் நுழைந்து குளிரூட்டுவதும். தகரம் பகலில் விரைவாகச் சூடேறி இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும் இயல்பினது. அதன்கீழ் உட்கூரையோ வெப்பத்தைத் தடுக்கும் வேறு படையோ இருந்ததில்லை.

இத்தகைய வீட்டில் அடுப்பு சமையலுக்கு மட்டும் எரிவதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படுவோருக்குத் தேநீர் காய்ச்சுவதும், மழையில் நனைந்த கம்பளியையும் படங்குச் சாக்கையும் உலர்த்துவதும், குழந்தைக்கும் முதியோருக்கும் குளிர் காய்வதற்கு இடமாவதும், மண்ணெண்ணெய் தீர்ந்த இரவில் வெளிச்சமாவதும் அதுவே. மூன்று கல்லின்மேல் எரியும் திறந்த நெருப்பின் வெப்பத்தில் சிறுபகுதியே பானையைச் சேரும்; எஞ்சியது அறையிற் பரவும். சக்தி நூலார் அதனை வீண் என்பர். குளிர்ந்த காம்பராவில் வாழ்பவர்க்கு அவ்வெஞ்சியதில் ஒரு பங்கு தேவையான பொருளே. கூரை வெப்பத்தைத் தாங்கி வைக்காத குறையை விறகு ஈடுசெய்தது. கட்டுமானத்திற் செலவிடப்படாத பணம் நாள்தோறும் விறகாகச் செலவாயிற்று.

அவ்விறகைத் தேடியவர் யார்? ஊவாவின் பெருநிலப்பரப்பு பத்தனைப் புல்வெளி. எஞ்சிய காட்டிற் பெரும்பகுதி கோப்பிக்கும் தேயிலைக்குமாக அழிந்தது. தோட்டத்துக்குள் நின்ற சவுக்கு எனப்படும் கிரெவிலியாவும் யூக்கலிப்டசும் தோட்டத்தின் உடைமை. அவற்றின் விறகு முதலில் தேயிலை ஆலைக்கே உரியது. வாட்டுதற்கும் உலர்த்துதற்கும் ஆலை பெருமளவு வெப்பத்தை வேண்டுகின்றது. 1973இன் விலையேற்றத்துக்குப் பின் எண்ணெய் எரித்த ஆலைகள் பல மீண்டும் விறகுக்குத் திரும்பவே, ஒரே மரத்துக்கு ஆலையும் அடுப்பும் போட்டியிட்டன. தொழிலாளர் குடும்பத்துக்கு எஞ்சியவை உதிர்ந்த கிளையும், கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் தேயிலை மிலாறுமே. ஒரு மலையின் கவ்வாத்துச் சுற்று உயரத்துக்கேற்ப ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அருகிலுள்ள மலை கவ்வாத்தான ஆண்டில் மிலாறு மிகும். அல்லாத ஆண்டில் நெடுந்தூரம் நடத்தல் வேண்டும். நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண்ணே மாலையில் விறகுக் கட்டையும் சுமந்தாள். அவளது அந்நேரத்துக்குக் கூலியுமில்லை; எந்தப் புள்ளிவிபரத்திலும் அது விலையாக எழுதப்படவுமில்லை.

விதிக்கு வெளியே வைக்கப்பட்டோர்

நகரங்களைப் பொறுத்தவரை 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் கட்டட அனுமதி முறையொன்றை ஏற்படுத்தியது. நகரவாசி தன் வீட்டின் வரைபடத்தை உள்ளூராட்சி மன்றத்துக்குக் காட்டுதல் வேண்டும். மன்றத்துக்கோ அவனே வாக்காளன். விதியும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கிநின்றன.

தோட்டம் இம்முறைக்குப் புறம்பாயிருந்தது. கிராமாட்சி மன்றங்களின் வாக்குரிமை 1930களில் திருத்தப்பட்டபோது, இந்தியத் தொழிலாளரை இனத்தின் பெயரால் விலக்குதல் கண்டனத்துக்குள்ளாயிற்று. அதன் விளைவாகத் தோட்ட லயன்களிற் குடியிருக்கும் தொழிலாளர் எவராயினும் விலக்கப்படுவர் என்னும் வகையில் அது மாற்றப்பட்டது. லயனில் வாழ்வதே வாக்கின்மைக்குக் காரணமாயிற்று என்பது ஊன்றி நோக்கற்பாலது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் சபைகளின் சேவை தோட்டக் குடியிருப்புகளை அடைவதற்குத் தடையாக விளங்கியது. 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின்னரே அத்தடை நீங்கியது.

இதன் விளைவு சக்திப் பயன்பாட்டிலும் தெரிந்தது. வீட்டின் சொந்தக்காரர் ஒருவராகவும் விறகுச் செலவைத் தாங்குபவர் வேறொருவராகவும் இருப்பின், வீட்டைச் செப்பமாக்கும் ஆர்வம் இருவருக்குமே இராது. தோட்ட நிர்வாகம் புகைபோக்கி கட்டினால் மிச்சமாகும் விறகு நிர்வாகத்துக்குச் சேராது. தொழிலாளி கட்டலாமெனின் வீடு அவனுடையதன்று. வேலை போனால் காம்பராவும் போகும். எனினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. இஸ்தோப்பை மண்ணாலும் பலகையாலும் அடைத்துக் குசினியாக்கினர். லயனின் பின்புறத்தில் தகரச் சாய்ப்பு இறக்கினர். உறங்குமிடத்தினின்று புகையைப் பிரிக்கும் இச்சிறு மாற்றங்களே, சட்டம் எழுதாத வீட்டு விதியை மக்கள் தாமே எழுதிக்கொண்டமைக்குச் சான்றுகளாம்.

புதிய வீடுகளும் பழைய நெருப்பும்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறியது. அவ்வாண்டிலேயே தோன்றிய வீடமைப்பு, சமூகநல நிதியம் பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்றது. அண்மைக்காலத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் நிலத்தில், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடியில், சுமார் 550 சதுர அடிப் பரப்புள்ள தனிவீடுகள் கட்டப்பட்டுள்ளன. இந்திய உதவியும் இதிற் சேர்ந்துள்ளது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

120 சதுர அடியினின்று 550 சதுர அடிக்கு ஏறியமை பெரும் முன்னேற்றமே. தனிக் குசினி வந்தது. புகை பிள்ளைகளின் படுக்கையை விட்டு அகன்றது. ஆயின் அடுப்பின் வெப்பமும் அதனோடு அகன்றது. பொது மதிலால் ஒன்றையொன்று தாங்கிய காம்பராக்களைவிட, நான்கு புறமும் காற்றுப்படும் தனிவீடு இரவில் கூடுதலாகக் குளிரும் என்பது பௌதிக விதி. கூரைக்கு உட்படையும், காற்றுத்திசைக்கேற்ற வாசலும், முறையான புகைபோக்கியும் சேர்ந்தாலன்றி, பெரிய வீடு கூடுதல் எரிபொருளைக் கேட்கும் வீடாகவே அமையும். நாட்டின் சக்தி வினைத்திறன் கட்டட விதிக்கோவை 2008இல் வெளியிடப்பட்டபோது, பெரிய வணிகக் கட்டடங்களும் ஆலைகளும் பெருந்தொகுதி வீடமைப்புகளுமே அதன் கவனத்தைப் பெற்றன. குளிரூட்டியின் செலவை அது கணக்கிட்டது. மலைநாட்டுக் குசினியின் விறகைக் கணக்கிடவில்லை.

அடுப்பைச் செப்பமாக்கும் முயற்சிகள் வேறு திசையினின்று வந்தன. இரு பானைகளை ஏற்கும் ‘அனகி’ என்னும் களிமண் அடுப்பு 1980களில் மின்சார சபையும் இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழுவும் முன்னெடுத்த திட்டத்தினால் உருவாகி நாடெங்கும் பரவியது. குறைந்த விறகில் சமைக்க உதவும் அது நல்லதொரு கருவி. ஆயினும் வீட்டின் சுவரோடும் கூரையோடும் இணைத்துத் திட்டமிடப்படாத அடுப்பு, வெப்பத்தையும் புகையையும் பற்றிய கேள்வியின் ஒரு பாதிக்கே விடையளிக்கும்.

மின்சாரத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1950இல் இலக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும் பல பத்தாண்டுகள் லயன்கள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே வாழ்ந்தன. மின்சாரம் வந்தபோது விளக்கை மாற்றியது, அடுப்பை மாற்றவில்லை. ஊவாவின் நீரைக் கொண்டே 120 மெகாவற் மின் உற்பத்தி செய்யும் உமா ஓயாத் திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்து வைக்கப்பட்டது. அதன் சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் அப்பிரதேசத்தார் அறிந்ததே. 2022 ஏப்பிரலில் 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலனின் விலை 4,860 ரூபாவாயிற்று. மின்கட்டணம் அவ்வாண்டு ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. எரிவாயுவுக்கு மாறியிருந்த குடும்பங்கள் விறகுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நகரத்தின் மாடிவீடுகளிற் புகைபோக்கியின்மை அப்போது ஒரு பெருங்குறையாகப் பேசப்பட்டது. லயனிலோ அக்குறை நூறாண்டுப் பழமையுடையது.

நிலமே நகர்ந்தபோது

வீட்டு விதியின்மை எரிபொருளோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு மீரியாபெத்தை சாட்சி. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தின் லயன்கள் மண்சரிவிற் புதையுண்டன. உயிர்கள் பல பலியாயின. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதனைச் செயற்படுத்தக் கடப்பாடுடைய நிலச்சொந்தக்காரன் யார், அதனைக் கேட்டு வெளியேற மாற்றிடம் உடையவன் யார் என்பதற்கே தெளிவான விடை இருக்கவில்லை. காம்பராவின் புகையைப் பற்றிய கேள்வியும் மலையின் சரிவைப் பற்றிய கேள்வியும் ஈற்றில் ஒரே இடத்திற்கே வந்து சேர்கின்றன. குடியிருப்போனுக்கு உரிமையில்லாத வீட்டில் எவ்விதியும் வேரூன்றாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவது, 1912 தொடக்கம் தோட்டத்து வீட்டை நோயின் இடமாகவும் நெரிசலின் இடமாகவும் கண்ட சட்டம், அதனைச் சமைக்கும் இடமாகவும் குளிர்காயும் இடமாகவும் காணவில்லை. இரண்டாவது, அவ்வாறு காணாதுவிட்டதன் செலவு பெண்களின் நேரமாகவும் மூச்சாகவும் செலுத்தப்பட்டது. மூன்றாவது, விதியை ஏற்போனும் அதன் பயனை அடைவோனும் ஒருவனாகாதவரை விதி ஏட்டளவிலேயே நின்றது.

இன்று ஊவாவின் மலைகளில் புதிய வீடுகளுக்கு அத்திவாரம் இடப்படுகின்றது. ஒரு வீட்டின் வரைபடம் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்தின் எரிபொருளைத் தீர்மானிக்க வல்லது. கூரைக்கு உட்படை, குசினிக்குப் புகைபோக்கி, ஈரத்துணி உலர்த்த இடம், விறகு நனையாது அடுக்க ஒரு சாய்ப்பு, சூரிய ஒளிக்கேற்ற சாளரம் ஆகியன பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. அவற்றை மாதிரி வரைபடத்திலேயே எழுதிவிடுதல் வேண்டும். பிரதேச சபையின் அனுமதி முறைக்குள் கொணர்தல் வேண்டும். நிலத்தின் உறுதிப் பத்திரம் குடும்பத்தின் கையிற் சேர்தல் வேண்டும். எந்த அமைப்பில் எவ்வளவு விறகு மிச்சமாகின்றது என்பதை அளந்தறியும் பணி நம் பல்கலைக்கழகங்களின் பொறியியல், புவியியல், சமூகவியற் துறைகளுக்கு உரியது. பழைய லயனும் புதிய வீடும் ஒரே தோட்டத்தில் அருகருகே நிற்கும் இக்காலமே அவ்வளவீட்டுக்கு ஏற்ற காலமாகும். லயன்கள் இடிக்கப்பட்ட பின்னர் ஒப்பிடுதற்கு ஒன்றும் எஞ்சாது. ஆதலின் அப்பணியை இப்பொழுதே தொடங்குதல் நம் மாணவரின் கடனாம்.